ஒரே கட்டுரை, இரண்டு புத்தகம்: பெண்விடுதலைத் தொகுப்புகளில் எதை முதலில் எடுப்பது?

அமெரிக்கப் பெண்விடுதலை இயக்கத்தின் எழுத்து 1970 வரை பெரும்பாலும் தட்டச்சுத் தாளாகவும் துண்டறிக்கையாகவும்தான் கைமாறிக்கொண்டிருந்தது. அந்த ஒரே ஆண்டில் மூன்று தொகுப்புகள் வந்தன. ராபின் மார்கன் தொகுத்த ‘சிஸ்டர்ஹுட் இஸ் பவர்ஃபுல்’ ரேண்டம் ஹவுஸ் வெளியீடு. டோனி கேட், பிற்பாடு டோனி கேட் பம்பாரா, தொகுத்த ‘தி பிளாக் உமன்’ நியூ அமெரிக்கன் லைப்ரரி வெளியீடு. ‘நோட்ஸ் ஃப்ரம் தி செகண்ட் இயர்’ மட்டும் ஷுலமித் ஃபயர்ஸ்டோனும் ஆன் கோட்டும் பெரிய பதிப்பகம் எதையும் நம்பாமல் தாங்களே கொண்டுவந்தது. பதினோரு ஆண்டு கழித்து, 1981-ல், செரீ மொராகாவும் குளோரியா அன்சால்டுவாவும் தொகுத்த ‘திஸ் பிரிட்ஜ் கால்டு மை பேக்’ வந்தது; வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்து அது. இன்று புதிதாகப் படிக்க வருகிறவரோ, வாசிப்பு வட்டம் நடத்துகிறவரோ இந்த நான்கில்தான் தடுமாறுகிறார்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தொகுப்புக்குப் பொருந்தாது. எந்தக் கட்டுரை எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறும். இதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். பிரான்சஸ் பீல் எழுதிய ‘டபுள் ஜெப்பர்டி’ கட்டுரை 1970-ன் இரண்டு பெரிய தொகுப்புகளிலும் இருக்கிறது. கறுப்பினப் பெண் இனத்தாலும் பாலாலும் இரட்டை அடி வாங்குவதையும், ஏழைக் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கப் பெண்களுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை திணிக்கப்பட்டதையும் பேசும் கட்டுரை அது.

மார்கனின் புத்தகத்தில் அது கறுப்பினப் பெண்களுக்கென ஒதுக்கிய சிறு பகுதியில் வருகிறது. வேலைத்தலம், திருச்சபை, மருத்துவம், உளவியல் என்று நீளும் பட்டியலில் ‘இவர்களும் இருக்கிறார்கள்’ என்ற தொனி அந்த இடத்துக்குத் தானாக வந்துவிடுகிறது. பம்பாராவின் புத்தகத்திலோ கருத்தடை மாத்திரை இன அழிப்பா விடுதலையா என்று அவரே எழுதிய கட்டுரையும் அதே அட்டைக்குள் உண்டு. கூட எழுத்தாளர்கள் நிக்கி ஜியோவனி, ஆட்ரி லார்ட், ஆலிஸ் வாக்கர், பாடகி ஆபி லிங்கன். அங்கே பீல் யாருக்கும் பிரதிநிதி இல்லை. கறுப்பின இயக்க ஆண்களோடும் வெள்ளைப் பெண்களோடும் ஒரே நேரத்தில் நடக்கும் வாக்குவாதத்தில் ஒரு குரல், அவ்வளவே. இரண்டு புத்தகத்தையும் அருகருகே திறந்து வைத்து இந்த ஒரு கட்டுரையைப் படித்தாலே தொகுப்பாசிரியர் செய்யும் வேலை பிடிபட்டுவிடும்.

இதனால் மார்கனின் தொகுப்பு தள்ளத்தக்கது என்று ஆகிவிடாது. வரைபடம் வேண்டுமென்றால் அதற்கு ஈடு இன்றும் இல்லை. சுமார் 600 பக்கம். ரெட்ஸ்டாக்கிங்ஸ் என்ற நியூயார்க் பெண்விடுதலைக் குழுவின் அறிக்கை, 1968 மிஸ் அமெரிக்கா அழகிப் போட்டி எதிர்ப்பு அறிக்கை, நவ் என்கிற தேசியப் பெண்கள் அமைப்பின் உரிமைப் பட்டியல் என்று மூல ஆவணங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். கடைசிப் பக்கங்களில் குழுக்களின் தொடர்பு விவரங்களும் கருக்கலைப்பு ஆலோசனைத் தகவலும் உண்டு. நாடு முழுவதும் கருக்கலைப்பை உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1973-ல்தான் வந்தது. அதற்கு முன் இந்தப் பக்கங்கள் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னிணைப்பைத் தாண்டிப் போகாதீர்கள். புத்தகத்தைக் கருவியாக நினைத்துச் செய்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

அதிலேயே முதலில் எடுக்க வேண்டியது பேட் மெய்னார்டியின் வீட்டுவேலைக் கட்டுரை. ‘எனக்கு உன் அளவுக்கு நன்றாகச் செய்ய வராது’, ‘செய்கிறேன், ஆனால் எப்படி என்று நீ சொல்லித்தரணும்’ என்கிற ரகத்தில் கணவர்கள் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அதன் அடியில் உண்மையில் என்ன சொல்லப்படுகிறது என்று பெயர்த்துத் தருகிறார். எந்தக் கூட்டத்திலும் முதல் பத்து நிமிடத்திலேயே எல்லோரையும் பேசவைக்கும் கட்டுரை. கோட்பாட்டில் தொடங்கும் வட்டங்கள் இரண்டாம் கூட்டத்திலேயே பாதியாகிவிடும். பாத்திரம் தேய்ப்பதில் தொடங்கினால் ஆள் நிற்கும்.

‘நோட்ஸ்’ வேறு ஜாதி. நம் சிற்றிதழ் மரபை அறிந்தவர்களுக்கு உடனே புரியும். 1968-ல் வந்த முதல் இதழின் விலை பெண்களுக்கு 50 சென்ட், ஆண்களுக்கு 1 டாலர். இயக்கம் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் எழுத்து என்பதால் யாரும் நின்று விளக்க மாட்டார்கள், அதுதான் அதன் பலம். சிக்கலும் அங்கேயே. கரோல் ஹானிஷின் ‘பர்சனல் இஸ் பொலிட்டிக்கல்’ (தனிப்பட்டதே அரசியல்) இரண்டாம் இதழில், அதாவது ‘செகண்ட் இயர்’ தொகுப்பில்தான் அச்சேறியது. அந்தத் தலைப்பு அவர் வைத்ததல்ல, ஃபயர்ஸ்டோனும் கோட்டும் வைத்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். மூலத்தில் அது 1969-ல் இயக்கத் தோழியர்க்கு எழுதிய உள்சுற்றுக் குறிப்பு. பெண்கள் கூடித் தங்கள் வாழ்க்கையைப் பேசுவது வெறும் மனச் சிகிச்சை என்ற ஏளனத்துக்கு அது பதில். தனிப்பட்ட தீர்வு என்று ஒன்று இப்போதைக்கு இல்லை, கூட்டுச் செயல்தான் என்பது அதன் வாதம். தலைப்பை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு ‘என் வாழ்க்கைமுறையே என் அரசியல்’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். கட்டுரை சொல்வது கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிர். அவருடைய இணையப் பக்கத்தில் 2006-ல் எழுதிய முன்னுரையோடு முழுக் கட்டுரையும் இருக்கிறது. அந்த முன்னுரையைப் படிக்காமல் விவாதத்துக்குப் போகாதீர்கள்.

பழைய ‘நோட்ஸ்’ இதழ்களைக் காசு கொடுத்துத் தேடுவது சேகரிப்பாளர்களின் வேலை. வாசிக்க 1973-ல் வந்த ‘ராடிகல் ஃபெமினிசம்’ போதும்: கோட், எலன் லெவின், அனிடா ரபோன் மூவரும் இந்த இதழ்களிலிருந்து பல கட்டுரைகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். தலைமையே வேண்டாம் என்னும் குழுக்களில் மறைமுகத் தலைமை எப்படி முளைக்கிறது என்று ஜோ ஃப்ரீமன் எழுதியதும் அதில் உண்டு. வட்டம் நடத்தப் போகிறவர் தனக்காகவே அதைத் தனியாக ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இனி ‘பிரிட்ஜ்’. ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் எங்கள் பரிந்துரை இது. கடிதம், கவிதை, நாட்குறிப்பு, கட்டுரை எல்லாம் கலந்தது. மூன்று மொழி புழங்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அன்சால்டுவாவின் மொழிக்கலப்பு வித்தியாசமாகவே தோன்றாது. 1970-ன் தொகுப்புகள் விட்டுவைத்த கேள்விகளை இது எழுப்புகிறது. முதல் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் பம்பாரா என்பதால் ‘தி பிளாக் உமன்’ தொகுப்புக்கும் இதற்கும் இடையே இழை அறுபடவும் இல்லை. கோம்பாஹி ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்ணியக் குழுவின் 1977 அறிக்கையும் இதில் உண்டு. வெளியிட்ட பர்செஃபனி பிரஸ் 1983-ல் மூடப்பட்டபோது, பார்பரா ஸ்மித்தும் ஆட்ரி லார்டும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கியிருந்த கிச்சன் டேபிள் பிரஸ் அதே ஆண்டில் இதை மறுபடி அச்சிட்டது. ரேண்டம் ஹவுஸ் போட்ட புத்தகத்துக்கு இந்தப் பாடு இல்லை. இப்போது வாங்குவதானால் 2021-ல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அச்சகம் போட்ட நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு. ‘தி பிளாக் உமன்’ வேண்டுமென்றால் 2005 மறுபதிப்பு. மார்கனுடையதைப் பழைய புத்தகக் கடையில் எடுப்பவர்கள் முதுகுப் பசையைப் பார்த்து எடுக்க வேண்டும். ஐம்பது வருடப் பழைய, தடித்த பேப்பர்பேக்கை நகலெடுக்க அழுத்தித் திறந்தால் நடுவில் இரண்டாகப் பிளக்கும்.

வட்டத்துக்கு ஐந்து அமர்வு போதும், அமர்வுக்கு 20 பக்கத்துக்கு மேல் வேண்டாம். மெய்னார்டி; பிறகு ஹானிஷ், முன்னுரையோடு; மூன்றாவதாக பீல், இரண்டு புத்தகத்தின் உள்ளடக்கப் பக்கங்களோடு; அப்புறம் கோம்பாஹி அறிக்கை. கடைசியாக, ‘பிரிட்ஜ்’ தொகுப்பில் லார்ட், பெண்ணிய இறையியலாளர் மேரி டேலிக்கு எழுதிய திறந்த கடிதம். டேலியின் கத்தோலிக்கத் திருச்சபைக் கட்டுரை மார்கனின் தொகுப்பில் இருப்பதால் பலர் இரண்டையும் கேள்வி, பதில் போல ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். கடிதம் பேசுவது டேலியின் 1978 நூலான ‘ஜின் ஈகாலஜி’யைப் பற்றி. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அரை மணி நேரம் மிச்சம்.