ஸ்காபரோ நூலகமும் அம்மம்மாவின் ஏழு கசற்றுகளும்

அம்மாவின் அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கற் ரின் இருந்தது. அதற்குள் ஏழு ஓடியோ கசற்றுகள். 1991க்கும் 1994க்கும் இடையில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா பேசிப் பதிந்து அனுப்பியவை. அவருக்குக் கை நடுங்கும், கடிதம் எழுத வராது. அதனால் குரலாகவே அனுப்பினார். போரால் தரைவழி அடைபட்டிருந்ததால் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்து வந்த யாரோ ஒருவரின் பையில் இருந்து, கொழும்பில் தபாலாகி, கனடா வந்து சேர்ந்தவை அவை.

2015இல் அதில் இரண்டை ஒரு கடையில் கொடுத்து சீடியில் போட்டுத் தரச் சொன்னேன். மூன்று கிழமை கழித்து வந்த சீடியில் ஒரு பக்கம்தான் இருந்தது. மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போட மறந்துவிட்டார்கள். இனி இந்தக் கசற்றுகளை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். கருவிகளை நாமே பாவிக்கவிடும் நூலகத்துக்குப் போனதன் காரணம் அதுதான். முப்பரிமாண அச்சு, ரோபோ எல்லாம் அப்போது என் மனதிலேயே இல்லை.

ரொறன்ரோ பொது நூலகத்தின் நூறாவது கிளை ஸ்காபரோ சிவிக் சென்ரரை ஒட்டி 2015இல் திறக்கப்பட்டது. பெரிய மரத்தூண்கள் சரிந்து நின்று கூரையைத் தாங்கும் அழகான கட்டடம். அதற்குள் ஒரு டிஜிற்றல் இனோவேஷன் ஹப் இருக்கிறது, கசற்றை டிஜிற்றலாக மாற்றுவது முதல் முப்பரிமாண அச்சு வரை செய்து பார்க்கக் கருவிகள் உள்ள இடம். இந்த ஹப்களில் முதலாவது 2014இல் யங் வீதியில் உள்ள ரெஃபரன்ஸ் நூலகத்தில் வந்தது. பிறகு மற்றக் கிளைகளுக்கும் பரவியது. நகரவாசி என்றால் நூலக அட்டை இலவசம். அந்த அட்டையைக் காட்டி, நேரம் பதிவு செய்துகொண்டால், கருவிகளுக்கு முன்னால் நாமே உட்காரலாம். நான் 2016இல் தொடங்கினேன், இன்றும் போகிறேன்.

கசற்றை டிஜிற்றலாக மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கசற்றைப் போட்டு ஓடவிடுகிறோம், அந்த ஒலி கணினிக்குள் போகிறது. ஆனால் குறுக்கு வழி கிடையாது. அறுபது நிமிடக் கசற் என்றால் அறுபது நிமிடமும் ஓட வேண்டும். அதனால் ஒரு தடவை போய் ஏழு கசற்றையும் முடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு கசற் என்று வைத்துக்கொண்டேன். சுருக்காத வேவ் கோப்பாகச் சேமித்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்து மெகாபைற், ஒரு பக்கத்துக்கு முந்நூறு மெகாபைற் வரும். ஒலியைச் சுருக்கி வைக்கும் எம்பி3 கோப்பு சிறிதுதான், ஆனால் முதல் பிரதியை வேவ் கோப்பாகவே வையுங்கள். எம்பி3ஐப் பிறகு எப்போதும் செய்துகொள்ளலாம், அதிலிருந்து பழைய தரத்துக்குத் திரும்பி வர முடியாது.

முதல் நாள் நான் விட்ட பிழை ஒலி அளவில். அம்மம்மாவின் குரல் மெல்லிசாக இருந்ததால் அளவை நன்றாகக் கூட்டிவிட்டேன். நடுவில் அவர் இருமினார், பக்கத்தில் சேவல் கூவியது. அந்த இடமெல்லாம் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரத்தது. அப்படி வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது. முழுப் பக்கத்தையும் மறுபடி ஓடவிட்டேன். இப்போது முதல் ஐந்து நிமிடம் கேட்டு, மிகச் சத்தமான இடத்தைப் பிடித்து, அதற்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் பதிவைத் தொடங்குகிறேன்.

மூன்றாவது கசற்றில் விசித்திரமான ஒரு விஷயம் இருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது அம்மம்மாவின் குரல் திடீரெனக் கீச்சென்று சின்னப் பிள்ளையின் குரலாகும். சில விநாடியில் பழையபடி கனத்து வரும். பத்து நிமிடத்துக்குள் ஐந்தாறு தடவை. ரேப் பழுதாகிவிட்டது என்று பயந்து, வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரேப்பில பிழை இல்லைப் பிள்ளை. சின்ன மாமா பெடல் சுத்திக் களைச்சுப் போனார்."

போரால் 1990க்குப் பிறகு அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் றேடியோ கேட்டார்கள். அம்மம்மாவின் குரலைப் பதிந்ததும் அப்படித்தான். மாமாவின் கை தளரும்போது மோட்டர் மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் வேகமாகவும் கீச்சாகவும் கேட்கும். ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் அந்த இடங்களின் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம். ஒரு நிமிடத்தைச் செய்தும் பார்த்தேன். அம்மம்மா நேராகப் பேசினார், ஆனால் மாமா காணாமல் போய்விட்டார். திருத்தியதை அழித்துவிட்டேன்.

ஆறாவது கசற்றுக்குள் ரேப்பைத் தலையோடு அழுத்தி வைக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு உதிர்ந்து கிடந்தது. நல்ல காலம், அது ஐந்து திருகாணி போட்ட கூடு. ஒரு வெறும் கசற்றையும் கழற்றி, அம்மம்மாவின் ரேப்பை மட்டும் தூக்கி அந்த வெறும் கசற்றின் கூட்டுக்குள் வைத்தேன். ஒட்டி மூடிய கூடு என்றால் இது கஷ்டம். இன்னொன்று: கொண்டுபோகுமுன் கசற்றின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்ரிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு கை தவறிப் பதிவுப் பொத்தானை அமத்தினாலும் பழைய குரல் அழியாது.

வீடியோவில் எனக்குத் தோல்விதான், அதையும் சொல்ல வேண்டும். அக்காவின் கலியாண வீடியோ கொழும்பில் எடுத்தது. இலங்கையில் பால் (PAL) என்ற வீடியோ முறை, 625 வரி, விநாடிக்கு 25 படம். வட அமெரிக்காவில் என்.ரி.எஸ்.சி. (NTSC) என்ற வேறு முறை, 525 வரி, கிட்டத்தட்ட 30 படம். இங்கே விற்ற சாதாரண விசிஆர் ஒன்றில் அந்தக் கசற்றைப் போட்டால் படம் மேலும் கீழுமாக உருளும், நிறம் போய்விடும். இரண்டு முறையும் ஓட்டும் விசிஆர் வைத்திருக்கும் ஒருவரைத் தேடித்தான் அதை முடித்தேன். ஊரில் எடுத்த வீடியோ உங்களிடமும் இருந்தால், நேரம் பதிவு செய்யுமுன் பால் கசற் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முப்பரிமாண அச்சுக்கு வந்தது 2018இல், அதுவும் கசற்றின் வழியாகத்தான். வீட்டில் இருந்த பழைய றேடியோ கசற் பெட்டியின் பற்றரி மூடி தொலைந்திருந்தது. அதை அச்சிட நினைத்தேன். பிளாஸ்ரிக்கை உருக்கிப் பொருளாகவே அச்சிடும் அந்த இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் நூலகத்தின் சான்றிதழ் வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது. முடித்தேன். ரிங்கர்காட் என்ற இலவச இணையதளத்தில் மூடியை வரைந்தேன். முதல் அச்சு உள்ளே போகவே இல்லை. குழியை அளந்து, அதே அளவில் மூடியை வரைந்ததுதான் காரணம். உருகி வரும் பிளாஸ்ரிக் கொஞ்சம் பிதுங்கி நிற்கும். ஒவ்வொரு பக்கமும் கால் மில்லிமீற்றர் குறைத்து வரைந்தபோது டக்கென்று பூட்டியது. அந்த மூடி இன்றும் இருக்கிறது. சமையலறைச் சாமான் எதையும் இதில் செய்யப் போகாதீர்கள். அங்கே அதிகம் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்ரிக் அறுபது பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கும்.

மற்றவற்றை நான் அதிகம் பாவித்ததில்லை. மருமகன் பச்சைத் திரைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு வீடியோ எடுத்தான். அப்பாவின் நெகற்றிவ்களை நானே ஸ்கான் செய்தேன். 2020இல் கொரோனாவால் நூலகங்கள் மூடிக் கிடந்தபோது, பாதுகாப்பு உபகரணங்கள் செய்வதற்கென்று அந்த முப்பரிமாண அச்சு இயந்திரங்களை நூலகம் ஆஸ்பத்திரிக்குக் கடன் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, நான் மூடி செய்த இயந்திரமும் போயிருக்குமோ என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு உள்ள கவலை வேறு. தமிழ்ப் புத்தகம் எடுக்க எங்கள் மூத்தவர்கள் நூலகங்களுக்கு நிறையப் பேர் வருகிறார்கள். வீட்டிலே இப்படி ஒரு பிஸ்கற் ரின் இல்லாதவர் அவர்களில் குறைவு. ஆனால் ஹப் இருக்கும் பகுதியைப் பிள்ளைகளுக்கான இடம் என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். ரேப் காத்திருக்காது. பூஞ்சணம் பிடித்துவிட்டால் நூலகத்தின் இயந்திரத்தில் போடவும் கூடாது, அடுத்தவரின் கசற்றுக்கும் தொற்றும்.

கடைசிக் கசற்றுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹெட்ஃபோனை அவருக்கு மாட்டிவிட்டு, நான் திரையில் அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மம்மா என்ன பேசுகிறார் என்று எனக்குக் கேட்கவில்லை. இருபது நிமிடம் அம்மா அசையவில்லை. பிறகு, பக்கத்து மேசைப் பையன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, "ஓம் அம்மா, சாப்பிட்டன்" என்றார்.