ஃபைவரா, அப்வொர்க்கா, நேரடி ஒப்பந்தமா: திருத்தம் கேட்கும் கிளையன்டும் தள்ளிப்போகும் ஒப்படைப்புத் தேதியும்

கலிஃபோர்னியாவில் இருக்கும் ஓர் எழுத்தாளர், 200 பக்கம் வரக்கூடிய தம் நூலை அமேசானின் சுயபதிப்புச் சேவையான கேடிபி வழியாக அச்சுப் பதிப்பாக வெளியிட விரும்பி, உள்பக்க வடிவமைப்பையும் அட்டையையும் தமிழ்நாட்டில் உள்ள ஒரு ஃப்ரீலான்சரிடம் ஒப்படைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேசியது 14 நாள். ஃப்ரீலான்சர்களையும் கிளையன்ட்களையும் இணைக்கும் தளங்களான ஃபைவரில் இதே வேலை வந்தால் என்ன ஆகும், அப்வொர்க்கில் வந்தால் என்ன ஆகும், இடையில் எந்தத் தளமும் இல்லாமல் நேராக வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால், டெட்லைனைக் குலைப்பது திருத்தங்களின் எண்ணிக்கையைவிட அவை வந்து சேரும் நேரம்தான் என்பது தெரியும்.

எழுத்துரு பிடிக்கவில்லை என்று முதல் பத்துப் பக்க மாதிரியைப் பார்த்தவுடனே சொன்னால், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஸ்டைலை மாற்றிவிட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். முழு நூலும் முடிந்த பிறகு மூன்றாம் இயலில் புதிதாக இருபது பக்கம் சேர்க்கச் சொன்னால், பின்னால் உள்ள பக்க எண்கள் எல்லாம் நகரும். பொருளடக்கமும் சொல்லடைவும் மாறும். அத்துடன் அட்டையும் கெட்டுப்போகும். கேடிபியில் நூலின் முதுகு அகலம் பக்க எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. க்ரீம் நிறத் தாளில் ஒரு பக்கத்துக்கு 0.0025 அங்குலம் என்பதால், இருபது பக்கம் கூடினால் முதுகு 0.05 அங்குலம் தடிக்கும். முதுகில் நடுவாக நின்ற தலைப்பு நகர்ந்துவிடும். கிளையன்டுக்கு இவை இரண்டும் ‘ஒரு சின்னத் திருத்தம்’தான்.

ஃபைவரில், வாங்குபவர் தேவையான விவரங்களைத் தந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எத்தனை திருத்தங்கள் என்பதை விற்பவரே பேக்கேஜில் குறிப்பிடலாம். அதற்கு மேற்பட்டவற்றுக்குத் தனிக் கட்டணமும் வைக்கலாம். வேலையை ஒப்படைத்த பின் வாங்குபவர் 3 நாள்களுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது திருத்தம் கேட்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் ஆர்டர் தானாக நிறைவடையும். அப்வொர்க்கின் நிலைவிலை ஒப்பந்தத்தில் இதே அவகாசம் 14 நாள். அங்கே மைல்ஸ்டோனுக்கான, அதாவது வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்குமான தொகை எஸ்க்ரோவில், அதாவது தளத்தின் பொறுப்பில், முன்கூட்டியே வைக்கப்படுகிறது. கிளையன்ட் மாற்றம் கேட்டுத் திருப்பி அனுப்பினால், மறுபடி ஒப்படைத்த நாளிலிருந்து 14 நாள் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது.

நம் எழுத்தாளர் ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறார், அதைச் செய்ய 3 நாள் ஆகிறது, பிறகு அவர் பேசாமல் இருந்துவிடுகிறார் என்று கொண்டால் இந்த வேறுபாடு வெளிப்படும். ஃபைவரில் 14ஆம் நாள் ஒப்படைத்து, 16ஆம் நாள் திருத்தம் வந்து, 19ஆம் நாள் மீண்டும் அனுப்பினால், 22ஆம் நாள் ஆர்டர் முடிகிறது. அதன் பிறகு பணத்தை எடுக்கப் பெரும்பாலான விற்பனையாளர்கள் மேலும் 14 நாள் காத்திருக்க வேண்டும், ஆக 36ஆம் நாள். அப்வொர்க்கிலும் 14ஆம் நாள் ஒப்படைத்து, அவர் 27ஆம் நாள்தான் வாய் திறக்கிறார் என்றால், 30ஆம் நாள் மீண்டும் அனுப்பி, 44ஆம் நாள் தொகை விடுவிக்கப்பட்டு, பணத்தை எடுப்பதற்கு முன் காத்திருக்க வேண்டிய 5 நாள் பாதுகாப்புக் காலமும் கழிந்து 49ஆம் நாள் ஆகிவிடும். என் கணிப்பில், பணம் தாமதமாவதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஃபைவரில் அந்த 3 நாளைக் காலியாக வைத்துக்கொண்டு அடுத்த வேலையை ஏற்கலாம். அப்வொர்க்கில் பழைய நூல் 14 நாளில் எந்த நாளிலும் திரும்பி வரலாம். அது வரும் நாள் பெரும்பாலும் அடுத்த கிளையன்டின் டெட்லைனாகவே இருக்கும். தாமதமாவது இரண்டாவது நூல், ஆனால் அதன் எழுத்தாளருக்கு முதல் நூலைப் பற்றி எதுவும் தெரியாது.

அதனால் ஃபைவர்தான் மேல் என்று சொல்லிவிட முடியாது. ஆர்டரை நீட்டிக்க வேண்டுமென்றால் வாங்குபவர் ஒப்புக்கொள்ள வேண்டும். நேரத்தைப் பிடிப்பதற்காக அரைகுறை வேலையை ஒப்படைப்பது அங்கே விதிமீறல். கேள்வி கேட்பதற்கும் கூடுதல் கோப்பு கேட்பதற்கும் திருத்தப் பொத்தானையே அழுத்தும் வாங்குபவர்களும் உண்டு. ‘வரம்பற்ற திருத்தம்’ என்று பேக்கேஜில் போட்டுக்கொள்ளும் புதியவர்கள், போட்டியில் முந்த நினைத்துத் தங்கள் காலெண்டரை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இத்தகைய நீளமான வேலைக்கு அப்வொர்க்கின் மைல்ஸ்டோன் முறையே பொருந்தும். ஆனால் பத்துப் பக்க மாதிரி, முழு உள்பக்கம், அட்டை என்று மூன்றாகப் பிரித்து, பக்க எண்ணிக்கை உறுதியான பிறகே அட்டையைத் தொடுவது என்று எழுதி வைக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே மைல்ஸ்டோனாக ஏற்பவருக்கு அந்தப் பயன் எதுவும் கிடைக்காது.

அப்வொர்க்கின் மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் திருத்தம் என்பதும் கூலி பெறும் நேரமே. நாம் வேலை செய்யும் திரையின் படங்கள் அப்வொர்க்கின் நேரப் பதிவேடான வொர்க் டைரியில் பதிவாகி, வாரந்தோறும் பில் போகும் என்பதால், கிளையன்ட் கேட்பதற்கு முன் சற்று யோசிப்பார். தேதி நழுவினால் நஷ்டம் நமக்கில்லை. ஆனால் நழுவுகிறது என்பதே யாருக்கும் உறைக்காமல் போகும். புதியவரை நம்பி இந்த ஏற்பாட்டுக்கு இணங்கும் கிளையன்ட்களும் குறைவு.

நேரடி ஒப்பந்தத்தில் கடிகாரமே இல்லை. பாதி முன்பணம் வாங்கியிருந்தாலும், மீதிப் பாதி திருத்தங்களுக்குள் சிக்கிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் காலையில் ஒரு குரல் பதிவு, மாலையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் என்று சொட்டுச் சொட்டாகத் திருத்தம் வருவது இங்கேதான் அதிகம். கோடையில் கலிஃபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், நாம் காலை 10 மணிக்குக் கேட்கும் சந்தேகம் அங்கே முந்தைய இரவு 9.30க்குப் போய்ச் சேரும். பதில் வர ஒரு நாள் போய்விடும். ஐந்து சொட்டுத் திருத்தங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சந்தேகம் எழுந்தால் ஒரு வாரமே போய்விடும். ஆனால் தளங்கள் தராத ஒன்றை இங்கே நாமே எழுதிக்கொள்ளலாம்: திருத்தங்கள் அனைத்தையும் ஒரே பிடிஎஃப்பில் குறித்து 5 வேலை நாள்களுக்குள் அனுப்ப வேண்டும், அதற்கு மேல் எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை நாள் இறுதித் தேதியும் தள்ளும். நாம் ஏற்கெனவே ஒரு நூல் செய்து கொடுத்த எழுத்தாளர் இதற்குத் தயங்காமல் ஒப்புக்கொள்வார் என்பதால், இரண்டாவது நூலுக்கு நான் நேரடி ஒப்பந்தத்தையே பரிந்துரைப்பேன்.

கையெழுத்துப் பிரதியை இன்னும் எழுதிக்கொண்டே இருக்கும் எழுத்தாளருக்கு இவற்றில் மணிக்கணக்கு ஒப்பந்தம் மட்டுமே பொருந்தும். அதற்கு அவர் இசையாவிட்டால், பிரதி முடிந்த பிறகு வரச் சொல்லலாம்.