5,000 டவுன்லோடு வந்தது, மூன்று பேர் வந்தார்கள்: ஆப் விளம்பரத்துக்கு 41,300 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

சொந்தமாக ஆப் எழுதி கூகுள் பிளேயில் போட்டுவிட்டு, ஆள் வரவில்லையே என்று தினமும் டவுன்லோடு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "இத்தனை நாளில் இத்தனை இன்ஸ்டால், இவ்வளவு ரூபாய்" என்று யாராவது விலை சொல்லி வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். 2024 ஆகஸ்டில் நான் படிக்காமல் அனுப்பினேன்.

என் மாமா கோபிசெட்டிபாளையம் பக்கம் வீடுவீடாகப் பால் ஊற்றுகிறார். நூற்றுப் பத்து வீடு. ஒவ்வொரு வீட்டிலும் மாதக் காலண்டர் கட்டத்தில் ஒரு டிக், அரை லிட்டர் கூடுதல் என்றால் பக்கத்தில் ஒரு சின்ன ½, ஊருக்குப் போன நாளில் ஒரு சுழி. மாதக் கடைசியில் அந்தச் சுழிகளுக்காகத்தான் சண்டையே. "நாங்க அஞ்சு நாள் ஊர்லயே இல்லையே" என்று அவர்கள் சொல்ல, "மூணு நாள்தான் கண்ணு" என்று மாமா சொல்ல, கடைசியில் மாமாதான் விட்டுக்கொடுப்பார். அதற்காக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஏழு மாதத்தில், பால் கணக்கு வைக்க ஒரு தமிழ் ஆப் எழுதினேன். பகலில் எனக்கு வேறு வேலை.

பிளே ஸ்டோரில் ஆப் போடுகிறவர்களுக்கான கூகுள் தளமான பிளே கன்சோலில் கணக்குக்கு 25 டாலர் கட்டி, அப்போதைய விதிப்படி 20 பேரை 14 நாள் விடாமல் டெஸ்டராக வைத்திருந்து (இப்போது 12 பேர் போதும்) ஒருவழியாக வெளியிட்டேன். அந்த 20 பேரைத் திரட்டியதே ஒரு தனிக் கதை. சித்தப்பா, அத்தை, கல்யாண வீட்டில் பார்த்த ஒன்றுவிட்ட தம்பி என்று எவரையும் விடவில்லை. ஆறு வாரத்தில் 190 டவுன்லோடு வந்தது. ஆப்பைத் திறந்து ஒரு வாடிக்கையாளர் பெயரையாவது சேர்த்தவர்கள் 58 பேர். இந்த 58 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு விளம்பர ஏஜென்சியிடமிருந்து மெயில் வந்தது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு ஆப்பின் கீழும் டெவலப்பர் மெயில் முகவரி எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும், அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். "உங்கள் ஆப்பை எங்கள் குழு பார்த்தது" என்று ஆரம்பித்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு குளிர்ந்தது. பார்த்தார்களாமே! கூடவே பன்னிரண்டு பக்கப் பிடிஎஃப். என் ஆப்பின் ஐகான், சிவப்பில் "ஸ்கோர் 34/100", அப்புறம் அவர்கள் தூக்கிவிட்ட மற்ற ஆப்களின் படங்கள். அந்த ஸ்கோரை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் போன். நல்ல தமிழ், நல்ல மரியாதை. 5,000 இன்ஸ்டால், 200 ரிவ்யூ, ஸ்டோர் பக்கத்தைத் திருத்தித் தருவது, எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 41,300. பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும். வந்த பில்லில் ஜிஎஸ்டி 6,300 என்று தனி வரி இருந்தது, ஜிஎஸ்டி பதிவு எண் மட்டும் இல்லை. ஜிபேயில் பணம் போன கணக்கும் ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. இரண்டையும் நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஏமாறுகிறவன் கண் தெரியாதவன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்து மூன்று விஷயம் கேட்டார்கள். என் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு, கொடுக்கவில்லை. "டிராக்கிங்குக்காக" ஒரு எஸ்டிகேயை, அதாவது அவர்கள் தரும் ஒரு கோடு தொகுப்பை, ஆப்புக்குள் சேர்க்க வேண்டும் என்றார்கள். அது கேட்கும் அனுமதிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தால், போனில் உள்ள தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்கிறது. பால்காரர் போனில் இருப்பது யார் எண்கள்? நூறு வீட்டுப் பெண்களின் எண்கள். யார் எப்போது ஊரில் இல்லை என்ற விவரம் வேறு ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. அதையும் மறுத்துவிட்டேன். இந்தப் பதிவில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள அந்த ஒரு இடம்தான் உண்டு.

மூன்றாவதாக ஸ்டோர் பக்கத்தைத் திருத்தும் அனுமதியை மட்டும் கொடுத்தேன். தலைப்பில் "நம்பர் 1", "பெஸ்ட்" என்று சேர்த்து வைத்தார்கள். ஆப்பின் பெயரில் அந்த மாதிரிச் சொற்கள் கூடாது என்று கூகுள் 2021-லேயே விதி போட்டுவிட்டது, தலைப்பை 30 எழுத்துக்குச் சுருக்கியதும் அப்போதுதான். தமிழில் அந்த 30 என்பது இன்னும் குறைவு, புள்ளியையும் கால், கொம்பையும் தனித்தனியாக எண்ணுவார்கள். "பால் கணக்கு" என்பது நமக்கு ஆறு எழுத்து, அங்கே இடைவெளியோடு 11. தமிழில் ஆப் போடுகிறவர்களுக்கு வேலை செய்கிறோம் என்றவர்களுக்கு இது தெரியவில்லை. பாதியில் வெட்டுப்பட்ட தலைப்பை நானே திருத்தினேன்.

சரி, இன்ஸ்டால் வந்ததா என்றால், வந்தது. மூன்றாம் நாளே ஸ்டோரில் 1,000+ என்று மாறியது. மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஆயிரம் பால்காரங்களா? நம்ம ஜில்லாவுலயா?" என்றார். அவர் வெள்ளந்தியாகக் கேட்ட அந்தக் கேள்வியை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பதிமூன்றாம் நாள் 5,000+ ஆனது. மீதி 20,650 ரூபாயையும் அனுப்பிவிட்டு, ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துத்தான், புதிதாக வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று, ஆப்பின் பயன்பாட்டைக் காட்டும் கூகுளின் ஃபயர்பேஸில் மணிவாரியாகப் பார்த்தேன். என் ஆப்பின் வரைபடம் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். விடியற்காலை நாலரைக்கு ஏறும், ஏழு மணிக்கு இறங்கும், பகல் முழுக்கப் படுத்துக் கிடக்கும், சாயங்காலக் கறவைக்கு மறுபடி ஒரு சின்ன மேடு. மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதியும் இரண்டாம் தேதியும் உயரமாக நிற்கும், பில் போடுகிற நாட்கள். ஒட்டகத்தின் முதுகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பார்த்தால், அந்த முதுகுக்கு அடியில் பலகை போட்ட மாதிரி ஒரே மட்டமாக ஒரு கோடு. நள்ளிரவு இரண்டு மணிக்கும் அதே அளவு, மத்தியானம் இரண்டு மணிக்கும் அதே அளவு. தினசரி இன்ஸ்டால் 380, 390, 385. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. மனிதர்கள் இப்படி வர மாட்டார்கள், இதைச் சொல்ல எந்த நிபுணரும் வேண்டாம்.

பிளே கன்சோலில் நாடுவாரிப் பட்டியலைத் திறந்தேன். தமிழில் மட்டுமே இயங்கும் ஒரு பால் கணக்கு ஆப்பை, தமிழ் ஆட்களே அபூர்வமான நாடுகளில் ஆயிரக்கணக்கில் இறக்கியிருக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர் பெயரையாவது சேர்த்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். 61. முன்னால் 58, இப்போது 61. அந்த மூன்று பேரும்கூட மாமா சொல்லி வந்தவர்களாக இருக்கலாம்.

ரிவ்யூக்களைப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். "நைஸ் ஆப்", "வெரி யூஸ்ஃபுல்", "கீப் இட் அப்" என்று நட்சத்திரம் ஐந்து ஐந்தாகக் கொட்டியிருந்தது. நடுவில் ஒருவர், "போட்டோ எஃபெக்ட் எல்லாம் சூப்பர், முகம் பளிச்சென்று வருகிறது" என்று எழுதியிருந்தார். வேறு ஏதோ ஒரு கேமரா ஆப்புக்கு எழுதியதை என் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். சிரிப்புத்தான் வந்தது. அடுத்த வாரம் கூகுள் அவற்றில் பெரும்பாலானவற்றை நீக்கியபோது சிரிப்பு நின்றது. 212 ரிவ்யூ 19 ஆனது. மிச்சமிருந்ததில் முதலில் கண்ணில் பட்டது, எருமைப் பாலுக்கும் பசும்பாலுக்கும் தனி விலை போட முடியவில்லை என்று ஒரு நிஜப் பால்காரர் எப்போதோ கொடுத்திருந்த இரண்டு நட்சத்திரம். இந்தக் கூத்தில் அதை நான் பார்க்கவே இல்லை.

அதோடு முடியவில்லை. ஆப்பின் அடியில், கூகுளின் விளம்பரச் சேவையான அட்மாப் மூலம் விளம்பரம் ஒன்று வைத்திருந்தேன். பெரிய வருமானம் இல்லை, டீச்செலவுக்கு ஆகும். செல்லாத டிராஃபிக் (நிஜ ஆட்களுடையது அல்லாத வருகை) என்று காரணம் காட்டி விளம்பரம் காட்டுவதற்கு வரம்பு போட்டுவிட்டார்கள், அந்த மாத வருமானத்திலும் பிடித்தம். ஒரு மாதம் போல அப்படியே கிடந்தது. மூன்று வாரத்தில், ஆப் இன்னும் இருக்கும் போன்களின் எண்ணிக்கை ஐயாயிரத்திலிருந்து முந்நூறுக்கு இறங்கியது. வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறார்கள் போல.

ஏஜென்சிக்குப் போன் போட்டேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தவர் கோபப்படவே இல்லை. "சார், நாங்க இன்ஸ்டால்னுதான சொன்னோம்? யூசர்னு எங்கயாவது சொன்னோமா? அக்ரிமென்ட் எடுத்துப் பாருங்க." எடுத்துப் பார்த்தேன். நான்கு பக்கத்தில் பதினொரு இடத்தில் இன்ஸ்டால் என்ற சொல் இருக்கிறது. ஆள், பயனர், வாடிக்கையாளர் எதுவும் ஓர் இடத்திலும் இல்லை. எந்த ஊர், எந்த மொழி என்றும் இல்லை. சொன்னதைத்தான் கொடுத்தார்கள். ஒன்று ஏழு ரூபாய் வீதம் ஐயாயிரம் எண்களை விற்றார்கள், நான்தான் அதை ஐயாயிரம் பால்காரர்கள் என்று வாங்கினேன்.

இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை. 200 ரிவ்யூ விலைக்கு என்றபோதே அது பொய் ரிவ்யூ என்று தெரியாதா? இன்ஸ்டாலையும் ரேட்டிங்கையும் செயற்கையாக ஏற்றுவது பிளே ஸ்டோர் விதிக்கு நேர் எதிரானது, பொறுப்பு டெவலப்பர் தலையில்தான் விழும், ஏஜென்சி தலையில் விழாது. கூகுளிடம் போய்ப் புகார் சொல்வதென்றால் முதலில் என் குற்றத்தை நானே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தொழில் தைரியமாக நடப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். திருட்டுப் பொருள் வாங்கி ஏமாந்தவன் போலீஸுக்குப் போவானா?

சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் கொடுக்கக் கூப்பிட்டேன். ஒப்பந்தம் போட்டு, நீங்களே பணம் அனுப்பி, அவர்கள் ஏதோ வேலையும் செய்திருப்பதால் இது சேவைத் தகராறு மாதிரி இருக்கிறது என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். அவர்கள் அனுப்பிய கடிதத்துக்கு ஏஜென்சி பதில் போடவில்லை. வழக்கு என்று போனால் வக்கீல் செலவுக்கு இந்தத் தொகை காணாது என்று நண்பர் ஒருவர் சொன்னார். விட்டுவிட்டேன். பணம் திரும்ப வரவில்லை.

உங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், ஒழுங்காக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். விளம்பரம் ஓட்டித் தருகிறோம் என்றால், கூகுள் ஆட்ஸ் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கார்டில் இருக்கட்டும். அவர்களுக்கு உள்ளே வந்து வேலை பார்க்கும் அனுமதி மட்டும் போதும். அப்போது எந்த ஊரில் காட்டினார்கள், எவ்வளவு செலவானது என்பது உங்கள் கண்ணெதிரே இருக்கும். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலேயே சரிபார்க்கலாம். இல்லாவிட்டால் ஜிஎஸ்டி என்று கேட்பதே பித்தலாட்டம். முக்கியமாக, "இறக்கியவர்களில் எத்தனை பேர் ஏழாம் நாளும் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மீதிப் பணம்" என்று சொல்லிப் பாருங்கள். என்னிடம் அதற்கப்புறம் வந்த நான்கு பேரிடம் சொன்னேன். நால்வருமே அதோடு போனை வைத்துவிட்டார்கள்.

பிறகு எனக்கு ஆள் கிடைத்தது மாமாவின் பைக்கில். மாட்டுத் தீவனக் கடைக்குப் பால்காரர் போய்த்தானே ஆக வேண்டும்? க்யூஆர் ஸ்டிக்கர் 600 ரூபாய்க்கு அடித்து, கோபி, சத்தியமங்கலம் பக்கம் எட்டுக் கடைகளில் ஒட்டினோம். ஒவ்வொரு கடைக்கும் இணைப்பில் வேறு வேறு பெயர் வைத்ததால், எந்தக் கடையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று பிளே கன்சோலிலேயே தெரிந்தது. இரண்டு மாதத்தில் மொத்தம் 71 இன்ஸ்டால். ஒரே ஒரு கடையிலிருந்து மட்டும் 23, காரணம் அந்தக் கடைக்காரரே வருகிறவர்களின் போனை வாங்கி இறக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த 23 பேரில் 19 பேர் இன்றும் காலை நாலரைக்குத் திறக்கிறார்கள். எருமைப் பாலுக்குத் தனி விலை போடும் வசதியையும் சேர்த்துவிட்டேன். இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர் அதை நான்காக மாற்றியிருக்கிறார். ஐந்து தருவதற்கு மனசு வரவில்லை போல.

ஸ்டோரில் அந்த 5,000+ மட்டும் அப்படியே நிற்கிறது, அதை இறக்க என்னால் முடியாது.

போன வாரம் ஒரு நண்பனுக்கு வேறு பெயருள்ள ஏஜென்சியிடமிருந்து மெயில் வந்ததாம், என்னிடம் அனுப்பிக் கேட்டான். அதே பன்னிரண்டு பக்கப் பிடிஎஃப், அவனுக்கும் ஸ்கோர் 34/100. வெற்றிக் கதைகள் என்ற பக்கத்தில் மூன்றாவதாக ஒரு ஆப்: "பால் வியாபாரத் துறை, 14 நாளில் 190-லிருந்து 5,000+". பக்கத்தில் பால்கேன் படம் போட்ட நீல ஐகான். நான் வரைந்ததுதான்.