கார்பெட் துவைக்க ஆளை வீட்டுக்கே கூப்பிடுவதா, லாண்டரிக்கு அனுப்புவதா?

ரெண்டையும் செய்து பார்த்துவிட்டேன், ரெண்டுக்கும் காசு கொடுத்துவிட்டேன், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: கம்பளிக் கார்பெட் என்றால் லாண்டரிக்கு அனுப்புங்கள். சிந்தெடிக் என்றால் வீட்டுக்கு வருகிறவர்களே போதும்.

எங்கள் வீடு கோவையில், சிங்காநல்லூர் பக்கம். ஆசாரத்தில், அதாவது ஹாலில், 8க்கு 5 அடியில் ஒரு கம்பளிக் கார்பெட் கிடக்கிறது, கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. ஐப்பசி மாசம் பாப்பா ஒரு டம்ளர் பாலை அதன் மேல் கொட்டிவிட்டாள். உடனே துடைத்தும் ரெண்டே நாளில் வாடை கிளம்பிவிட்டது.

முதலில் வீட்டுக்கு வந்து செய்கிறவர்களைக் கூப்பிட்டோம். சதுர அடிக்கு 25 ரூபாய், மொத்தம் 1,000. ரெண்டு பையன்கள், ஒரு மெஷின். சோப்பு கலந்த சுடுதண்ணியைப் பீய்ச்சி, கையோடு அழுக்குத் தண்ணியை உறிஞ்சி எடுக்கிற முறை. மெஷின் டப்பாவில் சேர்ந்த தண்ணி கடுங்காப்பி நிறத்தில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு ரொம்பத் திருப்தி. ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, "ஃபேனைப் போட்டு வையுங்க, சாயங்காலம் காஞ்சிருமுங்க" என்று சொல்லிக் கிளம்பினார்கள்.

காயவில்லை. என் கணக்கில் மொத்த வித்தியாசமும் இதில்தான் இருக்கிறது. மெஷின் எவ்வளவு உறிஞ்சினாலும் மேல் இழையில் இருக்கிற தண்ணிதான் நன்றாக வருகிறது. இந்த மாதிரி கார்பெட்டுக்குப் பெரும்பாலும் அடிநூல் பருத்தி, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்கும் கீழே கிரானைட் தரை, காற்று போக வழியே கிடையாது. மறுநாள் காலையில் மேலே கையை வைத்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. மூணாம் நாள் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் சில்லென்று ஈரம், பால் வாடையோடு பூசண வாடையும் சேர்ந்துவிட்டது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம், மாடியில் போடவும் முடியாது. நானும் வீட்டுக்காரியும் தூக்க முடியாமல் தூக்கி, நாலு நாற்காலி மேல் விரித்து, அடியில் டேபிள் ஃபேன் வைத்துக் காயவைக்க இன்னும் ரெண்டு நாள் ஆனது. அடிப்பக்கம் சணல் வைத்த கார்பெட்டாக இருந்தால் இந்த ஈரத்துக்குப் பழுப்புக் கறை வேறு மேலே ஏறி வரும்.

ஜமக்காளத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்காரிக்குப் பவானி, அங்கிருந்து வந்த ஜமக்காளங்களை நாங்களே துவைகல்லில் அடித்து மாடிக் கம்பியில் போட்டுவிடுவோம், வெயில் இருந்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மேலே நிற்கும் இழை இல்லை, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, காற்று ஊடே போய் வரும். அதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

மாசியில் லாண்டரிக்குக் கொடுத்தோம். அடிக்கு 40 ரூபாய், 1,600 ஆனது. கொடுக்கும் முன்னால் நானே போய்ப் பார்த்தேன். கார்பெட்டைக் கவிழ்த்துப் போட்டு முதலில் தூசியைத் தட்டி எடுக்கிறார்கள், எங்கள் கார்பெட்டில் இருந்து நைஸான மண் ஒரு முறம் அளவுக்கு விழுந்தது. அப்புறம் ரெண்டு பக்கமும் அலசி, சாயப்பட்டறையில் ஹைட்ரோ என்பார்களே, அதே மாதிரி வேகமாகச் சுற்றுகிற டிரம்மில் போட்டுத் தண்ணியைப் பிழிந்து, கம்பியில் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். அந்த டிரம்முக்கும் கம்பிக்கும்தான் நான் கூடுதல் காசு கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த அன்றைக்கு அடிப்பக்கத்தில் முகத்தை வைத்து மோந்து பார்த்தோம், கம்பளி வாசம் மட்டும்தான் வந்தது.

தண்ணியையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் உங்கள் குழாய்த் தண்ணியைத்தான் பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் புழங்குவது போர் தண்ணி, உப்பு அதிகம், சோப்பு சரியாக அலசப்படாமல் தங்கி, இழை விறைப்பாகிவிட்டது. தங்கிய சோப்பு திரும்ப அழுக்கையும் வேகமாகப் பிடிக்கும். அந்த லாண்டரியில் மென்மையாக்கிய தண்ணி.

திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற என் மச்சினன் சொன்னது இது: "சாயம் போகுதான்னு பாக்காம தண்ணி உடாதீங்க மாமா." வெள்ளைத் துணியை நனைத்து, கண்ணில் படாத ஓரத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும், கலர் ஒட்டினால் நிறுத்திவிட வேண்டும். யாரிடம் கொடுத்தாலும் இதை உங்கள் எதிரில் செய்யச் சொல்லுங்கள். கம்பளிக்குச் சாதா சலவைத்தூள் ஆகாது, காரம் அதிகம், அதையும் சொல்லிவிடுங்கள்.

லாண்டரியில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். ஒரு வாரம் என்றார்கள், 11 நாள் ஆனது, ரெண்டு முறை போன் செய்ய வேண்டியிருந்தது. நாலு மூலையையும் குஞ்சத்தையும் போட்டோ எடுத்துவிட்டு, அளவு எழுதிய ரசீது வாங்கிக்கொண்டு கொடுப்பது நல்லது.

சிந்தெடிக்குக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை, இழை தண்ணி குடிக்காது, மெஷின் உறிஞ்சியதிலேயே முக்கால்வாசி காய்ந்துவிடும். படுக்கையறையில் இருக்கும் சின்னதுக்கு நாங்கள் இன்னும் அந்தப் பையன்களைத்தான் கூப்பிடுகிறோம், சோபாவையும் சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். தரையோடு ஒட்டிய கார்பெட்டைத் தூக்க முடியாது என்பதால் அதற்கும் அவர்கள்தான் வழி. பட்டுக் கார்பெட் எங்கள் வீட்டில் இருந்ததில்லை, அதைப் பற்றி நான் பேசக் கூடாது.

எந்த மாசம் என்பதும் முக்கியம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதையும் காயவைத்துவிடும், ஆனால் துவைத்ததில் திரும்பவும் புழுதி ஏறும். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். நாங்கள் அடுத்த முறையும் மாசிக்கே என்று அந்த லாண்டரியில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.