பழைய டிரம்முக்கு எது சரி: சோப்புத் தண்ணீரா, பிளாஸ்டிக் பாலிஷா, பிராஸோவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பழைய டிரம்செட் கிடைப்பது பெரிய அதிசயமில்லை. கல்யாண வீடுகளில் ஆர்கெஸ்ட்ரா வாசித்த காலத்தில் வாங்கியவை சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எத்தனையோ கராஜ்களில் போர்வைக்குள் கிடக்கின்றன. என் கண்ணில் அதிகம் படுவது பிரீமியர் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் டிரம். எப்போதாவது அமெரிக்கக் கம்பெனியான லுட்விக்கின் டிரம் ஒன்று தட்டுப்படும். வெளியே எடுத்த மறுநிமிடமே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "பிராஸோ போடு, பளபளன்னு வரும்" என்று உலோக பாலிஷைக் காட்டுவார் பக்கத்து வீட்டு அங்கிள். "கார் பெயிண்ட் தேய்க்கிற காம்பவுண்ட் இருக்கு அண்ணா, பாலிஷ் மெஷினும் இருக்கு" என்பான் தம்பி. விஷயம் தெரிந்த இன்னொருவர் நோவஸ் என்ற பிளாஸ்டிக் பாலிஷைச் சொல்வார். மூன்றும் வேலை செய்யும். எதன்மேல் என்பதில்தான் சிக்கல்.

டிரம்மின் மேல்பூச்சு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, மரத்தின்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறை. முத்துப் போல மின்னுவது, ஸ்பார்க்கிள் எல்லாம் இதில்தான் வரும். மற்றது, மரத்தின்மேல் நேரடியாக அடித்த லேக்கர், அதாவது வார்னிஷ் மாதிரிப் பூச்சு. உறை என்றால் எங்காவது ஒரு செங்குத்து இணைப்பு இருக்கும், விரல் நகத்தில் தட்டுப்படும். பழைய முத்து உறைகளில் பல செல்லுலாய்டு. அதை நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துத்தான் செய்தார்கள். கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாசனை வரும். வந்தால் அசிட்டோன், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள், உறை கரைந்துவிடும். செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும், சூட்டில் இளகும். அதனால் தம்பியின் மெஷினுக்கும் வேலை கிடையாது.

முதலில் சோப்புத் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு சன்லைட் பாத்திரம் கழுவும் திரவம், நன்றாகப் பிழிந்த பருத்தித் துணி, அவ்வளவுதான். தோல், அதை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையமான ரிம், ரிம்மின் திருகுகள் மாட்டும் உலோகப் பிடியான லக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் துடைக்க வேண்டும். மங்கிப்போனது என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் சிகரெட் புகையும் கை எண்ணெயும்தான். துணி பழுப்பாக வரவர அடியில் நிறம் தெளியும். தண்ணீரை ஊற்றக் கூடாது. இணைப்பின் வழியே உள்ளே போனால் பசை விட்டுவிடும், ஓரத்து மரம் ஊதும். ஷெல் எனும் மர உடலின் உட்புறம் ஈரத்துணியே வேண்டாம். அங்கே தேதி முத்திரையோ காகித லேபிளோ இருக்கலாம், வாங்க வருபவர் முதலில் எட்டிப் பார்ப்பது அதைத்தான். ஹேண்டி ஆண்டி க்ரீமில் நறநறப்பு இருக்கிறது, அது கிச்சனோடு நிற்கட்டும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் சில பிளாஸ்டிக்கை மங்கலாக்கும்.

சோப்புக்கு அப்புறமும் மெல்லிய கீறல் வலை தெரிந்தால்தான் பாலிஷ். பிளாஸ்டிக் உறைக்கு நோவஸ்தான் என் ஓட்டு. அதில் மூன்று எண்கள் உண்டு: 1 வெறும் துடைப்புக்கு, 2 மெல்லிய கீறலுக்கு, 3 ஆழமான கீறலுக்கு. 3 போட்டால் அது விடும் தடத்தை 2 போட்டு எடுத்தே ஆக வேண்டும். நான் சொல்வது 2-ஐ மட்டும் வாங்குங்கள். காசளவு வட்டமாக எடுத்து, மென்மையான துணியில் சிறு சிறு வட்டமாகத் தேய்த்து, லேசாகக் காய்ந்ததும் புதுத் துணியால் துடையுங்கள்.

பிராஸோவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அதிலும் நுண்ணிய தேய்ப்புப் பொடிதான் இருக்கிறது, கீறல் குறையத்தான் செய்யும். ஆனால் அது உலோகத்துக்கென்று செய்தது, கரைப்பானும் சேர்ந்திருக்கிறது. செல்லுலாய்டின்மேல் அந்தச் சோதனை எதற்கு? போதாததற்கு, லக் துளை, பேட்ஜ் ஓரம் என்று இண்டு இடுக்கெல்லாம் புகுந்து வெள்ளைப் பொடியாகக் காய்ந்து நிற்கும், பல் குச்சி வைத்துத் தோண்ட வேண்டும். காவடிக்கு முன்னால் குத்துவிளக்கு துலக்க அதைவிட நல்லது இல்லை, அங்கேயே இருக்கட்டும். பற்பசையும் இதே கதைதான். எந்த டியூபில் எவ்வளவு கரகரப்பு என்று யாருக்குத் தெரியும்?

இனி மஞ்சள். வெள்ளை முத்து உறை மஞ்சளாகிப்போனதற்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு லக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் அதே வடிவத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும், வெளிச்சம் படாத இடம். டிரம் முழுவதையும் அந்த வெள்ளைக்குக் கொண்டுவர நினைத்தால் பிளாஸ்டிக்கையே சுரண்ட வேண்டியிருக்கும். மேலோட்டமான மஞ்சள் கொஞ்சம் இறங்கும், மீதியை விட்டுவிடுங்கள். வெயிலில் வெளுத்த நிறத்தை எந்த பாலிஷும் திருப்பித் தராது. பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1963-இல் பிரீமியரை விட்டு லுட்விக்குக்கு மாறி, கறுப்பு முத்து உறையை உலகமே பார்க்க வைத்தார். அந்தக் காலத்து டிரம்களைத் தேடுபவர்கள் மஞ்சளேறிய அசல் உறைக்குத்தான் அதிக விலை தருகிறார்கள், புது உறைக்கு அல்ல.

லேக்கருக்கு வேறு கணக்கு. கார் காம்பவுண்ட் இங்கேதான் கொஞ்சம் பொருந்தும், அதுவும் மிக மெல்லிய ரகம், கையால் மட்டும். கார் பெயிண்ட் தாங்குகிற அளவுக்கு டிரம் லேக்கர் தாங்காது. ஓரங்களில் சீக்கிரம் மரம் தெரிந்துவிடும். நடுவில் வெளிறி ஓரத்தில் கருக்கும் சன்பர்ஸ்ட் பூச்சில் நிறமே லேக்கருக்குள் இருப்பதுண்டு. துணியில் சிவப்போ பழுப்போ ஏறினால் அழுக்கா நிறமா என்று பாருங்கள். நிறம் என்றால் அதோடு நிறுத்துங்கள். வெடிப்பு வலை விழுந்த லேக்கரில் பாலிஷே வேண்டாம், வெள்ளையாக வெடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியில் கொஞ்சம் கார்னௌபா என்ற தாவர மெழுகு போடலாம். மரச்சாமான் ஸ்ப்ரே வேண்டாம். பலவற்றில் சிலிக்கோன் உண்டு, பின்னால் லேக்கர் அடிக்க நேர்ந்தால் குழி குழியாக விலகும்.

குரோமில் மட்டும் போட்டி வேறு மாதிரி. நம் ஊர் உப்புக் காற்று ரிம்மில் புள்ளி புள்ளியாகத் துருவைக் கொண்டுவந்துவிடும். பிரீமியரின் குரோமுக்கு நல்ல பெயர் உண்டு, ஆனால் கடலோரத்தில் எதுவும் தப்பாது. இங்கே அலுமினியம் ஃபாயில்தான் ஜெயிக்கிறது. கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு போய்விடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது. எஃகுக் கம்பளி என்றால் நாலு சைபர் (0000) போட்ட மிக மெல்லிய ரகம் மட்டும், அதையும் இரண்டாவதாகத்தான் வைப்பேன். பிராஸோவையும் குரோமில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பாகம் லேசாக மஞ்சள் சாயலில் மின்னினால் அது பழைய நிக்கலாக இருக்கலாம். நிக்கல் மெல்லிய பூச்சு, தேய்க்கத் தேய்க்க அடியில் பித்தளை எட்டிப் பார்க்கும். அதற்கு மென்துணியும் மெழுகும் போதும். எதைத் தேய்த்தாலும் ரிம், லக் எல்லாம் ஷெல்லிலிருந்து கழற்றிய பிறகுதான்.