சாப்பாடா, டிபனா, பிரியாணியா: சிறுநீரக நோயாளிக்கு எந்தக் கடை தோதுப்படும்?

சிறுநீரக நோய் உள்ளவரை வெளியில் சாப்பிட அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் டிபன் கடையைத்தான் தேடுகிறார்கள். இட்லி ஆவியில் வெந்தது, எண்ணெய் கிடையாது, நோயாளிக்கு ஏற்றது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் சித்தப்பாவோடு பல கடைகளில் உட்கார்ந்து எழுந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மதியச் சாப்பாட்டுக் கடைதான் அவருக்குப் பத்திரம். டிபன் கடை அடுத்தது. பிரியாணிக் கடை மூன்றாவது என்றாலும், பலர் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. ஃப்ரைடு ரைஸ் கடைப் பக்கம் போகவே வேண்டாம்.

காரணம் உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்கள் எல்லோருக்கும் வகுத்திருக்கும் வரம்பே நாளொன்றுக்கு 5 கிராம் உப்புதான். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. சிறுநீரகம் பழுதானவர் அதற்குள் கண்டிப்பாக நிற்க வேண்டும். உப்பு கூடினால் தாகம் எடுக்கும், தண்ணீர் உள்ளே போகும், சிறுநீர் பிரியாதவருக்கு அந்தத் தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். ‘தண்ணீரைக் குறையுங்கள்’ என்று கண்டித்துக்கொண்டே சாம்பாரைத் தாராளமாக ஊற்றுகிற வீட்டார் இதை யோசிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கடையிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: உப்பை ஒதுக்கிவைக்க வழி இருக்கிறதா, அல்லது அது உணவோடு வெந்து கலந்துவிட்டதா?

சாப்பாட்டுக் கடையில் வழி இருக்கிறது. நம் ஊர் ஹோட்டல்களில் வெள்ளைச் சோற்றை உப்பில்லாமல்தான் வடிக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் தேங்கிவிடும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதில் மிகக் குறைவு. மற்ற எல்லாம் தனித்தனியாக வருகின்றன. வேண்டாததை மறுக்கலாம், வேண்டியதைத் தொட்டுக்கொள்ளலாம். ஒரே சிக்கல் பரிமாறுகிற வேகம். இலையில் சோறு விழுந்த கையோடு சாம்பார் வாளி தலைக்கு மேல் வந்துவிடும். அதனால் சித்தப்பா உட்காரும்போதே சொல்லிவிடுவார்: “தம்பி, சாம்பாரைச் சோற்றில் ஊற்றாதே, கிண்ணத்தில் கொடு. ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.” கிண்ணத்துச் சாம்பாரில் நான்கைந்து ஸ்பூன், மேலே கொஞ்சம் நெய், ஒரு பொரியல், கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம் உப்பில்லாத கட்டித் தயிர். மோர் வேண்டாம், கடையில் அதை உப்புப் போட்டுத்தான் கலக்கியிருப்பார்கள். அப்பளத்தைச் சாதாரணமாக நினைக்கிறோம், ஆனால் அதில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, உப்பில் தீங்கு செய்கிற சோடியம் இரண்டிலுமே இருக்கிறது.

பொரியலில் கோஸ், பீன்ஸ், சௌசௌ, புடலங்காய் வந்தால் நல்லது. கீரை, உருளைக்கிழங்கு, வாழைக்காய், சேனைக்கிழங்கு ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். வீட்டில் காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் உருளைக்கிழங்கில்கூடச் சுமார் பாதிப் பொட்டாசியம் போய்விடும். ஹோட்டலில் யாரும் அப்படிச் செய்யப்போவதில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாக இருக்கும் ஆரம்பக் கட்ட நோயாளி, அடுத்தவருக்குச் சொன்ன பத்தியத்தைக் கேட்டுக் கீரையையும் பழத்தையும் நிறுத்துவது வீண் தண்டனை. அறிக்கையைப் பார்க்காமல் எதையும் விலக்க வேண்டாம்.

டிபன் கடைக்கு வருவோம். இட்லி மாவிலும் தோசை மாவிலும் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. சில இடங்களில் சமையல் சோடாவும் சேரும். ஒரு தேக்கரண்டி சோடாவில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம். இட்லியை யாரும் வெறுமனே சாப்பிடுவதுமில்லை. ஒரு கிண்ணம் சாம்பார், இரண்டு சட்னி, பொடி என்று எல்லாமே உப்போடு வருகின்றன. சாம்பார் வடை உப்புநீரில் ஊறிய பருப்பு. அதைத் தவிர்த்தே ஆக வேண்டும். பொங்கலில் உப்பை விலக்க வழியே இல்லை. மசால் தோசை, பூரிக்கான கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைத்துத்தான் மசிக்கிறார்கள், ஆகவே பொட்டாசியம் அப்படியே நிற்கும். இந்தக் கடையில் என் ஓட்டு இடியாப்பத்துக்கு. சர்க்கரை நோய் இல்லாதவர் அதைத் தேங்காய்த் துருவல், கொஞ்சம் சர்க்கரையோடு சாப்பிடலாம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி சட்னி.

பிரியாணி அரிசியை உப்பு நீரில்தான் வேகவைக்கிறார்கள், கறியும் உப்பில் ஊறியது. அது வேண்டாம். ஆனால் அசைவக் கடையில் வேறொன்று கிடைக்கிறது: சொன்ன பிறகு செய்துதரும் ஆம்லெட். “உப்புப் போடாமல், வெங்காயமும் மிளகும் மட்டும்” என்றால் கல்லில் நிற்பவர் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார், ஆனால் போட்டுத் தருவார். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும்: எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டு உடல் வற்றிப்போகிறவர்கள் அதிகம் என்பதால், வெள்ளைச் சோறும் இரண்டு முட்டை ஆம்லெட்டும் அவருக்கு நல்ல உணவு. டயாலிசிஸ் தொடங்காதவருக்குக் கணக்கு வேறு. பொதுவாகக் கிலோவுக்கு 0.8 கிராம் போதும்; சிலருக்கு மருத்துவர் இன்னும் குறைப்பார்.

ஃப்ரைடு ரைஸில் எல்லோரும் அஜினோமோட்டோவைத்தான் திட்டுகிறார்கள். அதில் உள்ள சோடியம் சமையல் உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். சோயா சாஸ்தான் பெரிய குற்றவாளி: ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம். அதற்கு மேல் உப்பு, அதற்கு மேல் சில்லி சாஸ்.

எந்தக் கடைக்குப் போனாலும் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை சட்டைப் பையில் இருக்க வேண்டும். அது சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றால் பயனில்லை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் பாக்கெட்டை அன்போடு எடுத்துவரும் உறவினர்களைத் தடுத்துவிடுங்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது.

குடிப்பதில் ஒப்பீடு எளிது. உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாம் நீட்டும் இளநீரில் 100 மில்லிக்கு 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம். ஒரு காயில் அரை கிராமைத் தாண்டிவிடும். ரத்தத்தில் ஏற்கெனவே பொட்டாசியம் கூடியிருப்பவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. கோலா பானங்களில் சேர்க்கும் பாஸ்பாரிக் அமிலம் பருப்பில் உள்ள பாஸ்பரஸைவிட எளிதாக ரத்தத்தில் கலக்கும். இவற்றோடு ஒப்பிட்டால் ஒரு சிறிய டம்ளர் காபி எவ்வளவோ மேல். ரசமும் பாயசமும்கூடத் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்கு இந்த வரிசை தலைகீழாகிறது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பதால் அவருக்கு முதல் எதிரி கிருமி. வாளியில் மணிக்கணக்காக ஆறிக் கிடக்கும் கூட்டைவிட, கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வரும் தோசை அவருக்குப் பத்திரம். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி வேண்டாம், கொதிக்கும் சாம்பார் கொஞ்சம் போதும். ஆம்லெட் நன்றாக வெந்திருக்க வேண்டும். கலக்கியும் ஆஃப் பாயிலும் கூடாது. வெங்காயப் பச்சடி, ஐஸ் போட்ட பழச்சாறு இரண்டையும் ஒதுக்க வேண்டும். பம்பளிமாஸ், கிரேப் ஃப்ரூட் சாறுகளை எந்த அளவிலும் குடிக்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தின் அளவை அவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.