முரசு நோயைக் கண்டுபிடிக்க எது நம்பகம்: அளவுக்கம்பியா, எச்சில் பரிசோதனையா?

மட்டக்களப்புப் பக்கம் முரசு நோய், அதாவது பல் ஈறு கெடும் நோய், தெரியாமலே முற்றிப்போக வெற்றிலையும் ஒரு காரணம். நோயின் முதல் அடையாளம் பல் விளக்கும்போது வரும் ரத்தம். நாள் முழுக்கச் சிவப்பாகத் துப்புகிறவருக்கு அது கண்ணில் படாது. சுருட்டு, சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்னும் மோசம். புகை அந்த ரத்தக் கசிவையே குறைத்து நோயை மறைத்துவிடும். கடைசியில் பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் வைத்தியரிடம் போகிறோம். அதனால் எச்சிலை வைத்தே முரசு நோயை அறியலாம் என்றால் நமக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் ஏற்கெனவே உள்ள முறைகளை அது மிஞ்சுமா?

பல் வைத்தியர் பயன்படுத்தும் அளவுக்கம்பி, அளவுக் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி. சில வகைகளின் நுனியில் 0.5 மில்லிமீற்றர் உருண்டை ஒன்று இருக்கும். அதைப் பல்லுக்கும் முரசுக்கும் நடுவே மெல்ல இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார். 3 மில்லிமீற்றர் வரை பயமில்லை. 4, 5, 6 என்று ஏறினால் அங்கே முரசு பல்லைவிட்டுக் கழன்று பை விழுந்திருக்கிறது. கம்பியை எடுத்ததும் ரத்தம் துளிர்க்கிறதா என்றும் பார்ப்பார். ஞானப்பல் நீங்கலாக 28 பல்லுக்கு 168 அளவுகள். நேரம் பிடிக்கும், கொஞ்சம் நோகும், பழகிய கையும் வேண்டும். ஆனாலும் எந்தப் பல், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று அது சொல்லிவிடும்.

எக்ஸ்ரே, வெள்ளம் வடிந்த பின் சுவரில் நிற்கும் கோடு மாதிரி. எலும்பு எதுவரை கரைந்தது என்று காட்டும்; இன்றைக்கும் கரைகிறதா என்று ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

எச்சில் பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. ஒன்று கிருமியின் மரபணுவைத் தேடுவது. மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். முக்கிய கிருமியான போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் நோயில்லாத வாயிலும் இருக்கக்கூடும் என்பதால் எனக்கு இதில் அவ்வளவு பிடிப்பில்லை. 1970இல் தொடங்கி நம் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரைப் 15 வருடம் பின்தொடர்ந்த ஆய்வும் இதற்குச் சாட்சி. பல் விளக்கும் வழக்கமே இல்லாத அவர்களில் ஏறத்தாழ 8 வீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 வீதத்தினருக்கு மிதமாக. மீதி 11 வீதத்தினருக்கு முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. எல்லார் வாயிலும் ஊத்தையும் காரையும் இருந்தன. உடம்பு அதற்குக் காட்டிய எதிர்வினைதான் வேறு.

இரண்டாவது வகை அந்த எதிர்வினையையே அளக்கிறது. வெள்ளணுக்கள் வெளியிடும் எம்எம்பி-8 என்ற நொதியம் முரசின் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அரிக்கும். அது செயற்படு நிலையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே ஜேர்மனியில் தயாராகும் பெரியோசேஃப் போன்ற பரிசோதனைகளின் வேலை. வாயைக் கொப்பளித்துக் கோப்பையில் துப்ப வேண்டும். கொவிட் காலத்து அன்டிஜன் அட்டை மாதிரி, சில நிமிடத்தில் கோடு விழும். எல்லை மில்லிலீற்றருக்கு 20 நனோகிராம். நோவில்லை, பல் வைத்தியரும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை.

குறை என்னவென்றால், அது முழு வாய்க்கும் சேர்த்து ஒரே பதில்தான் தரும். கடைவாயில் ஒரேயொரு ஆழமான பை இருந்தால் தவறவிடலாம். கோடு விழுந்தாலும் எங்கே சுத்தம் செய்வது என்று அறியக் கம்பிதான் வேண்டும். ஆகவே ஒரு பரிசோதனைக்கு மட்டும் காசும் ஒரு நாள் லீவும் இருப்பவர் கம்பிக்கே போகட்டும்.

எச்சில் பரிசோதனைக்கு நான் கேட்கும் இடம் நீரிழிவு கிளினிக். சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனி கட்டுப்படுவது கஷ்டம். முரசுக்கு வைத்தியம் செய்தால் மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் ரத்த அளவு) சுமார் 0.4 வீதப்புள்ளி குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ரத்தம் குத்தக் காலையில் வரிசையில் இருக்கும் அம்மாவிடம் வாயைத் திறக்கச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆனால் ஒரு கோப்பையில் துப்பச் சொல்லலாம். கோடு விழுந்தவரைப் பல் பிரிவுக்கு அனுப்பலாம். சுத்தம் செய்து மூன்று மாதம் கழித்து, கம்பி அளவோடு எச்சிலையும் திரும்பப் பார்த்தால் நோய் அடங்கியதா என்பது தெரிந்துவிடும்.